புதன்கிழமை என்றொரு கால்பந்துக் கழகம்

அவைக்குத் தலைமையேற்று, ஐந்தாண்டுகளாக எங்கள் அணியை அரவணைத்துவரும் அன்புக்குரிய சதாசிவம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பால்மரம் சீவிய கைகளால் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய்மார்களே, புந்தோங் வாழ் பெருமக்களே, உங்கள் அனைவரையும் நெஞ்சாரப் பணிகிறேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகத்தின் வரலாற்றைப் பேசச் சொன்னார் தலைவர். இந்த லூர்துசாமிக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் குழப்பம்தான். வெட்னஸ்டே என்றால் புதன்கிழமை. ஓர் அணிக்குக் கிழமையைப் பெயராக வைப்பார்களா? வைத்தாலும், புதன்கிழமை அணி ஏன் சனிக்கிழமை ஆடுகிறது? அதை யாரிடம் போய்க் கேட்பது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. எங்கள் வெள்ளைக்காரத் துரை தாயகம் திரும்பும் நாள். காரில் ஏறும்போது பதினொரு சட்டைகளை என் கையில் கொடுத்தார். நீலமும் வெள்ளையும் கோடு கோடாக, நெஞ்சில் ஓர் ஆந்தை. சிரிக்காதீர்கள் அம்மா. 'ஆந்தை போட்ட சட்டையை வீட்டுக்குள்ள கொண்டாராத' என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பல தாய்மார்கள் சொன்னது உண்மைதான்.

அடுத்த தோட்டத்தோடு எங்களுக்கொரு கால்பந்துப் பந்தயம் இருந்தது. அதை ஏற்பாடு செய்தவரே அந்தத் துரைதான். கார் உறுமிக்கொண்டிருக்க, 'என்றைக்குப் பந்தயம் துரை?' என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த சட்டைகளைப் பார்த்தார். பெருமையாக, 'வெட்னஸ்டே' என்றார். கார் போய்விட்டது.

நான் நாளைக் கேட்டேன். அவர் அந்தச் சட்டைக்குரிய அணியின் பெயரைச் சொன்னார். அது எனக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எண்ணி, அணித்தலைவன் ஜெயபாலனிடம் போய், 'புதன்கிழமை தம்பி' என்றேன்.

புதன்கிழமை விடிந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பதினொரு பேர் வரவில்லை. ஐந்து மைல் நடந்து அடுத்த தோட்டத்துக்குப் போனார்கள். திடலில் ஆளில்லை. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பந்தயம் சனிக்கிழமையாம்.

திரும்பி வந்தவர்களைப் புதுத் துரை வரிசையில் நிறுத்தினார். 'யார் தலைவன்?' என்றார். ஜெயபாலன் முன்னால் வந்தான். 'புதன்கிழமை என்று உனக்குச் சொன்னது யார்?' என்றார்.

பெருமக்களே, அந்தத் துரைக்குப் பின்னால், பெரட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவன் நான். ஜெயபாலன் என்னைப் பார்த்தான். 'யாரும் சொல்லல துரை, நானாத்தான் போனேன்' என்றான். நான் வாய் திறந்தேனா? இல்லை. வேலை பறிபோய், ஒரு வாரத்தில் அவன் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினான். அணி கலைந்தது.

நான்காண்டுகள் கழித்துத் தோட்டம் கைமாறியது. நானும் ஈப்போவுக்கு வந்தேன். நூலகத்தில் ஒரு தடித்த விளையாட்டுப் புத்தகம். புரட்டினேன். அதே பெயர், அதே கோடு. கத்தியும் கரண்டியும் செய்கிற ஊராம் ஷெஃபீல்ட். அங்கே புதன்கிழமை அரைநாள் விடுமுறை பெற்றவர்கள் ஆயிரத்து எண்ணூற்று இருபதில் கிரிக்கெட் கழகம் தொடங்கினார்களாம். குளிர்காலத்தில் ஆட்கள் சிதறிப்போகாதிருக்க, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில் கால்பந்து சேர்த்தார்களாம். நான்கு முறை நாட்டின் வாகை சூடிய கழகம், எங்கள் அணி கலைந்த அதே எழுபத்தைந்தில் மூன்றாம் பிரிவுக்குச் சரிந்ததாம்.

படித்ததும் என் குழப்பம் தீர்ந்ததா? கூடியது. ஒரே கிழமை அவர்களைச் சேர்த்தது, எங்களைப் பிரித்தது. இது என்ன கணக்கு?

ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஜெயபாலன் வேலை செய்த பஸ் பட்டறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நட்டு முடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

'அவங்களுக்கு லீவு இருந்துச்சு அண்ணே. டீம் வச்சாங்க. நமக்கு லீவு இல்ல. அவ்ளோதான் லா.'

இன்னொரு நட்டை முடுக்கினான். பிறகு, 'இந்தப் பட்டறையில எனக்கு எப்ப லீவு தெரியுமா? புதன்கிழமை' என்றான்.

அன்று மாலையே இருவரும் தேடிப் புறப்பட்டோம். தோட்டம் விட்டு வந்தவர்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள், யாருக்கு எப்போது ஓய்வு? கமுந்திங் ஆலையிலிருந்த பத்துமலை என்பவன், ஒருவரிடம் கெஞ்சித் தன் வேலைமுறையை மாற்றிக்கொண்டான். அடுத்த புதன்கிழமை ஏழு பேர் வந்தார்கள். அந்த ஏழுபேர்தான் இந்த அணி. உழைப்பவனுக்கு ஓய்வு ஒருநாள் கிடைத்தால் ஒரு கழகமே பிறக்கும் என்பது ஷெஃபீல்டுக்கும் உண்மை, புந்தோங்குக்கும் உண்மை. அந்த ஷெஃபீல்ட் கழகமும் எண்பதில் ஒரு படி ஏறி, இந்த எண்பத்துநான்கில் முதற்பிரிவுக்கே மீண்டுவிட்டது.

ஒன்றே ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று ஜெயபாலன் என் பெயரை ஏன் சொல்லவில்லை? ஜெயபாலா, உன் வேலை போனது என் நாவால். ஊர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

கடைசி வரிசையில் எழுந்து நிற்கிறான். என்னப்பா? சத்தமாகச் சொல்.

'சாப்பாடு ஆறுது, இறங்கி வாங்க அண்ணே' என்கிறான்.

வருகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச அழைத்த தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.