படகில் ஏறாத சர்வேயர்

பழவேற்காடு பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்கள். திருப்பாலைவனம் தாண்டியதும் மனைவி சொன்னார்:

"படகச் சோதிக்க வந்த அந்த சர்வேயரு செருப்பையே கழட்டலியேய்யா."

"அதுக்கின்னா இப்போ?"

"செருப்போட யாராச்சும் படகுல கால வைப்பாங்களா? அவன் ஏறவே இல்ல. கரையில நின்னே நல்லாருக்குனு எழுதிக் குடுத்துட்டான். நம்ம புள்ளதான அதுல கடலுக்குப் போவப்போறான்?"

"சர்டிபிகேட்டு வச்சிருக்காரு மே."

"யாரு இட்டுனு வந்தது?"

"படகு விக்கிறவருதான்."

வாங்குகிறவர்தான் சர்வேயரை அமர்த்த வேண்டும். முதல் விதியே அதுதான். கணவர் கேட்டார்:

"இப்ப யாரைத்தான் கூப்புடறது?"

"பரீட்ச பாஸ் பண்ண சர்வேயருங்க நாலு பேரு பேர படகு விக்கிறவராண்ட சொல்லு. எந்தப் பேரக் கேட்டு அந்தாளு மூஞ்சி சுருங்குதோ, அவர இட்டுனு வா."