இருநூற்றுப் பதினேழு கஜம், ஓரடி

பந்தைக் கொஞ்சம் உயரமாக வைக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக கோல்ஃப் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் தப்பு அதுதான். பந்தைத் தாங்குகிற விரல் நீள மர ஆணியைத் தரையோடு தரையாக அழுத்திவிட்டு, பந்து பறக்கவில்லை என்று மட்டையைத் திட்டுவார்கள். பெரிய மட்டையைத் தரையில் ஊன்றினால், அதன் தலைக்கு மேலே பாதிப் பந்தாவது தெரிய வேண்டும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஒன்பது வருடம் ஆயிற்று, ஐயா.

ஆரம்பத்திலிருந்து எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தீர்கள். ஆரம்பம் இதுதான்.

நான் நில அளவையாளன். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் வேலிகளை அளந்துவிட்டு ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையலறையை அளந்தபோது கிழக்குச் சுவர் ஒன்றரை அங்குலம் கோணலாக இருப்பது தெரிந்தது. அதை மனைவியிடம் மூன்று நாள் தொடர்ந்து சொன்னேன். நான்காம் நாள் அவள் தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். தம்பி பல் டாக்டர். "அத்தான், அக்கா பாவம். கெளம்பி மைதானத்துக்கு வாங்க, அங்க அளக்கறதுக்கு ஏகப்பட்ட எடம் இருக்கு" என்று அவன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இருந்ததில்லை. என் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியது அவன்தான், வலிக்கவே இல்லை. இதைக் கண்டிப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

என் முதல் அடி எப்போதும் நூற்றறுபது கஜத்தில் போய் நிற்கும். ஓங்கி அடித்தாலும் நூற்றறுபது, தடவிக் கொடுத்தாலும் நூற்றறுபது. மைதானத்தில் எனக்குப் பெயரே அதுதான். "நூத்தறுபது வந்தாச்சா?" என்பார்கள். நானும் வந்தாச்சு என்பேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாலு நாலு பேராக ஒரு குழுவின் பின்னால் இன்னொரு குழு போகும். முன்னால் போகிறவர்கள் நம் பந்து எட்டாத தூரத்துக்குப் போகும்வரை நாம் அடிக்கக் கூடாது. அதனால் தூரமாக அடிக்கக்கூடியவர் மட்டையில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். கூட இருக்கிறவர்களும் அவருக்காகக் காத்திருப்பார்கள். வேறு ஒன்றும் நடக்காது. ஆனால் அப்படி நிற்கிறவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்பது வருடமாக நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு தடவை அப்படி நிற்க வேண்டும் என்றிருந்தது. பெரிய ஆசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னை யாரும் நிற்க விட்டதில்லை. நான் பந்தை வைப்பதற்குள் என் குழுவிலிருக்கும் பழைய வங்கி மேனேஜர், "நீங்க அடிங்க சார், எட்டாது" என்பார். மைத்துனனின் குழு எங்களுக்கு முன்னால் போகும். நான்காவது குழிக்குப் போகிற வழியில், தூரம் தெரிவதற்காக நட்டிருக்கும் வெள்ளைக் கம்பத்துக்குப் பக்கத்தில் அவன் நின்று திரும்புவான். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவான். "அடிங்க அத்தான், எட்டாது" என்று அவன் கத்துவது காலை நேரத்தில் தெளிவாகக் கேட்கும். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. எட்டாது என்பது கெட்ட வார்த்தையும் அல்ல, மேல் தட்டிலிருக்கும் டப்பாவைப் பற்றி என் மனைவி தினமும் சொல்வதுதான். ஆனால் ஒரு மனிதனைப் பார்த்து ஒன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் சொன்னால் எங்கேயோ போய்த் தைக்கிறது.

அதனால் பக்கத்து ஊரில் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். வீட்டில் நடைப்பயிற்சி என்று சொன்னேன். வாரத்தில் நான்கு நாள், பதினொரு மாதம். அவர் சொல்லிக் கொடுத்ததை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்க வேண்டும். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். மட்டையை அவசரப்படாமல் பின்னால் கொண்டுபோய், முதுகு முழுசாக இலக்கைப் பார்க்கும்வரை திரும்ப வேண்டும். இறங்கும்போது முதலில் இடுப்பு, கடைசியாகக் கை. பலம் காட்டினால் தூரம் குறையும். "மூடி தொறந்த பேஸ்ட் ட்யூபைப் புடிக்கற மாதிரி புடிங்க சார், பேஸ்ட் வெளிய வரக் கூடாது" என்றார். மைத்துனன் கொடுத்த இலவச ட்யூப்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தன. குளியலறையில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழகினேன். முதல் மாதம் தரையெல்லாம் பேஸ்ட். "என்னங்க, பல் தேய்க்கறீங்களா, தரை மெழுகறீங்களா?" என்று மனைவி கேட்டாள். நாலாவது மாதத்துக்கு அப்புறம் ஒரு சொட்டும் விழவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொன்னது, தலையைத் தூக்கக் கூடாது. அடித்தவுடன் பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற ஆசைதான் ஆளைக் கெடுக்கும். பந்து போன பிறகும் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும்.

பத்தாவது மாதம் இருநூற்று முப்பது கஜம் போயிற்று. நாடா வைத்து நானே அளந்தேன். பயிற்சியாளர் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையா சார் இவ்ளோ நாள் ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நான்காவது குழிக்கு முதல் அடி அடிக்கப் பந்தை வைத்தேன். மைத்துனனின் குழு கம்பத்தருகே இருந்தது. நான் மட்டையில் கையை ஊன்றிக் காத்திருந்தேன்.

"என்ன சார், உடம்புக்கு முடியலயா?" என்றார் மேனேஜர்.

"அவங்க போகட்டும்" என்றேன்.

"அவங்க எதுக்குப் போகணும்? அடிங்க சார், எட்டாது."

"எட்டும்" என்றேன்.

ஐயா, அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவரும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். பின்னால் வந்துவிட்ட குழுவிடமும் விஷயம் போய், அவர்களும் சிரித்தார்கள். தூரத்தில் மைத்துனன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் எச்சரித்தேனா இல்லையா என்று யாராவது கேட்டால், எச்சரித்தேன். சாட்சிகள் ஏழு பேர்.

அன்றைக்கு நூற்றறுபதுதான் அடித்தேன், வேண்டுமென்றே. இருநூற்று முப்பது அடிக்கத் தெரிந்தவன் கரெக்டாக நூற்றறுபது அடிப்பது சாதாரண வேலை இல்லை. அதன் பிறகு பதினேழு சனிக்கிழமை அப்படியே அடித்தேன். மெச்சத்தான் ஆளில்லை.

அந்தப் பதினேழு வாரமும் மைத்துனன் நிற்கிற இடத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை. கம்பத்திலிருந்து இடப்பக்கம் நான்கடி, சில வாரம் ஐந்தடி. அவன் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பந்து அந்தத் தூரத்தில் எவ்வளவு சரிவில் இறங்கும் என்பதையும் பயிற்சி மைதானத்தில் ஒரு கோட் ஸ்டாண்டை நிறுத்திப் பார்த்துக்கொண்டேன். ஸ்டாண்டின் மேல் தொப்பி வைத்தது பயிற்சியாளரின் யோசனை அல்ல, என்னுடையது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

பதினெட்டாவது சனிக்கிழமை காற்று இல்லை. கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன், நேரே என் ஷூவின் மேல் விழுந்தது. "அடிங்க சார், எட்டாது" என்றார் மேனேஜர். மைத்துனன் திரும்பினான், கையைத் தூக்கினான், அவனும் சொன்னான். ஒரு மனிதன் ஒன்பது வருடமாகத் தன் வாயாலேயே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு அல்லவா. பந்தை உயரமாக வைத்தேன். குதிகால், தோள், இடுப்பு எல்லாம் சரியாக அமைந்தன. ட்யூபிலிருந்து ஒரு சொட்டு பேஸ்ட் வந்திருக்காது.

ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். பந்து ஆள் மேல் போனால் கத்த வேண்டும் என்பது விதி, மறுக்கவில்லை. ஆனால் கத்த வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டும். பதினொரு மாதம் செலவழித்துத் தலையைத் தூக்காமலிருக்கப் பழகியவனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று விநாடி நின்றேன்.

என் பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "நல்ல ஷாட் சார்" என்றார். அதற்கப்புறம்தான் "ஐயோ" என்றார். அந்த வரிசையை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். பழக்கதோஷத்தில் வந்ததுதான், இருந்தாலும் மனிதர் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

மற்றவர்கள் ஓடினார்கள், வண்டியைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. பந்து அவனுக்கு மூன்றடி தள்ளிக் கிடந்தது. அந்தக் களேபரத்தில் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று அந்த இடத்தில் ஒரு மர ஆணியைக் குத்தி வைத்தேன். சாயங்காலம் வந்து நாடா பிடித்தேன். இருநூற்றுப் பதினேழு கஜம், ஓரடி. அவன் அங்கே நின்றிராவிட்டால் பந்து உருண்டு இன்னும் இருபது கஜமாவது போயிருக்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் ஸ்டேஷன் ஆள் காலடியால் அளந்து "சுமார் இருநூறு கஜம்" என்று எழுதினார். காரணம் என்று போட்ட இடத்தில் "எதிர்பாராத காற்று" என்றிருந்தது. பந்து பாதையோரக் கல்லில் பட்டுத் தெறித்திருக்கும் என்று ஒருவர் சாட்சி சொன்னார். இரங்கல் கூட்டத்தில் மைதானத்தின் செயலாளர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்ம நூத்தறுபது மேல யாரும் சந்தேகப்பட வேணாம். அது அவரால முடியாத காரியம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வீட்டில் என் மனைவி மூன்று நாள் அழுதாள். கூடப் பிறந்தவன், இவள் தூக்கி வளர்த்தவன். நாலாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நீங்க மனசப் போட்டு உழட்டிக்காதீங்க. உங்க மேல எனக்குத் துளி கோவம் இல்ல. நீங்க நெனச்சாலும் உங்களால அவ்ளோ தூரம் அடிக்க முடியுமா?" என்றாள்.

நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னை இவ்வளவு புண்படுத்தியதில்லை. "முடியும்" என்றேன். "பாவம், அதிர்ச்சியில பேசறாரு" என்று தன் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டு எனக்குக் கஞ்சி வைக்கப் போனாள். அந்தக் கஞ்சி எனக்கு இறங்கவில்லை.

அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். காற்று இல்லை, கல் இல்லை. நான் அடித்தேன், தெரிந்தே அடித்தேன், குறி வைத்த இடத்தில் பட்டது. குறிப்பேட்டைக் காட்டினேன். நீங்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "போய் ரெஸ்ட் எடுங்க சார், இந்த வயசுல இதெல்லாம் வரும்" என்றீர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், "சரி, நாளைக்குக் காலைல வந்து அடிச்சுக் காட்டுங்க, பார்த்துட்டு ஃபைலை மூடிடலாம்" என்றீர்கள். அதற்குள் இதை எழுதி வைக்கச் சொன்னீர்கள், மைதானத்திலிருந்து திரும்பி வந்து படிப்பதாகவும் சொன்னீர்கள். அப்படியே மடித்து உங்கள் மேஜைமேல் வைக்கிறேன்.

அடையாளத்துக்கு ஒரு வாளியை வைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். நீங்கள்தான் கேட்கவில்லை. "வாளி எதுக்கு? அந்தக் கம்பத்துக்கிட்ட நானே நிக்கறேன். ரெடின்னதும் கையத் தூக்கறேன், நீங்க பாட்டுக்கு அடிங்க. எட்டாது சார்" என்று சிரித்தீர்கள். உங்கள் ஆளும் சிரித்தார். அதிகாரி சொன்ன பிறகு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். யாருக்கும் கெடுதல் நினைத்து நான் மட்டையைத் தொட்டதில்லை.

காலை ஆறரைக்கு வந்துவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். இந்தத் தடவை உங்கள் ஆளைக் காலடியால் அளக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நாடா நான் கொண்டுவருகிறேன்.