வண்டி கழுவும் தண்ணீர்

இந்த டீ நல்ல தண்ணீரில் போட்டது, மேடம். ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் அக்காள்மடத்தில் ஒரு கடைக்காரர் இருக்கிறார், போர் தண்ணீரில் டீயைப் போட்டுவிட்டுச் சர்க்கரையை அள்ளிக் கொட்டி மறைப்பார். என்னிடம் அது நடக்காது. உப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் என் நாக்குக்குத் தெரியும். நீங்களும் ஒரு டம்ளர் சொல்லிவிடுங்கள். நான் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும்.

என் பெயர் யாகப்பம்மாள். அது உங்கள் தாளிலேயே இருக்கும். வண்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி புரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

அது செயின் வண்டி. புல்டோசர் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். இருபது டன் எடை, நூற்றெண்பது குதிரை சக்தி. டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் செயின், செயினில் வரிசையாகத் தகடுகள். முன்னால் மண் தள்ளுகிற பிளேடு, பின்னால் நடுவில் மண்ணைக் கிழிக்கிற கொக்கி. என் வீட்டுக்காரர் யேசுதாஸ் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். கடலே வேண்டாம் என்று ஒருநாள் முடிவெடுத்து, பழைய வண்டியாக இதை வாங்கி, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பூட்டினார். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு வண்டி என் கைக்கு வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. பிள்ளை இருந்திருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன்.

எல்லோரும் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். ஆயிலையும் ஃபில்டரையும் காலத்தில் மாற்றி, ரேடியேட்டரில் தூசி அடையாமல் ஊதிவிட்டால் எஞ்சின் உழைத்துக்கொண்டே இருக்கும். செயின் வண்டிக்குச் சாவு வருவது அடியிலிருந்துதான். செயின், அது உருள்கிற ரோலர், அதைச் சுற்றுகிற பல்சக்கரம், அதற்குப் பின்னால் இருக்கிற கியர் பெட்டி. செயின் தொய்ந்தால் கழன்றுவிடும், இறுகினால் தேய்ந்துவிடும். சேற்றில் வேலை என்றால் கொஞ்சம் தொய்வாகவே விட வேண்டும், சேறு பல்லில் அடைந்து தானாக இறுக்கிவிடும். இதெல்லாம் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

போன வருஷம் வாலிநோக்கத்தில் புது உப்புப் பாத்திகளுக்கு வரப்புப் போடுகிற வேலை கிடைத்தது. பெரிய வேலை. ஆனால் உப்புச் சேறு. அது ரோலருக்கு இடையில் போய் உட்கார்ந்துகொண்டு இரும்பை அரித்துவிடும். அதற்கு ஒரே மருந்து, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது. அந்தப் பக்கம் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? லாரியில் வரவழைத்துக் கறுப்புத் தொட்டியில் நிரப்பிவைத்தேன். அது வண்டித் தண்ணீர். நான் குடிப்பதற்குத் தனியாகக் கேன் வைத்திருந்தேன்.

எனக்கு ஓட்டத் தெரியும். நாள் முழுக்க உட்கார முட்டி இடம் கொடுக்காது. அதனால் இருளாண்டியை வைத்தேன். உள்நாட்டுக்காரன், கடலாடிக்கு மேற்கே ஏதோ ஊர். மழை பொய்த்து விவசாயத்தை விட்டு வந்தவன். நல்ல கை. பிளேடை வைத்து வரப்பைச் சீவினான் என்றால் கத்தியால் வெண்ணெய் எடுத்த மாதிரி இருக்கும். அவனைப் பற்றிக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

காலையில் முதல் வேலையாக நான் செயின் தகட்டை விரலால் தடவி நாக்கில் வைப்பேன். சிரிக்காதீர்கள், மேடம். கழுவினானா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு காலையில் உப்புக் கரித்தது. ரோலர் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தும் இருந்தது.

"ஏலே இருளாண்டி, நேத்துச் சாயந்தரம் வண்டியக் கழுவுனியா?" என்று கேட்டேன்.

"குளிப்பாட்டி, தலை தொவட்டி, பவுடரு போட்டுத்தான்க்கா விட்டேன். பொட்டு மட்டும் நீங்க வச்சு விடுங்க."

"அப்ப இது என்னலே வெள்ளையா?"

"அதான்க்கா அந்தப் பவுடரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தொட்டியைப் போய்த் தட்டிப் பார்த்தேன். பாதிக்குக் கீழேயும் சத்தம் வெறுமையாக இருந்தது. தண்ணீர் குறைந்திருக்கிறது, வண்டி கழுவப்படவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்கிற ஒவ்வொன்றும் என் கண்ணில் பட்டது. வண்டியை விட்டு இறங்கும்போது ஏன் திரும்பிப் பார்க்கிறான்? கிரீஸ் அடிக்கும்போது ஏன் விசில் அடிக்கிறான்? நான் கேட்காமலே ஏன் எனக்கு இளநீர் வாங்கி வருகிறான்? டீசலும் திருடுகிறானோ என்று, டேங்க் மூடிமேல் என் தலைமுடி ஒன்றைக் குறுக்கே ஒட்டிவைத்தேன். மறுநாள் முடி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திறந்து, திரும்பவும் அதே மாதிரி ஒட்டியிருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

ஒருநாள் சாயங்காலம், செபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றேன். வேலை முடிந்து உப்பளத்துப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவள் முருகலட்சுமி, பாத்தியில் உப்பு வாருகிறவள். இருளாண்டி தொட்டியின் ஹோஸைக் குடத்தில் விட்டான்.

"அண்ணே, அந்த அக்கா பாத்துட்டா?"

"அது செபத்துக்குப் போயிருக்கு. அங்கன போயி, சாமி, கோயில் மணிக்குக் கடைசியா எப்ப கிரீஸ் அடிச்சீகன்னு கேட்டுக்கிட்டு இருக்கும்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முருகலட்சுமி சிரித்த சிரிப்பில் குடம் சரிந்து தண்ணீர் கீழே கொட்டியது. என் தண்ணீர்.

"மெதுவா ஆத்தா, மெதுவா. வண்டிக்கு என்ன, தாகமா எடுக்குது? இந்தா, நெறயப் பிடி."

அவர்கள் போன பிறகு, வாய்க்காலில் கிடந்த உப்புத் தண்ணீரை வாளியில் மொண்டு செயின்மேல் அடித்தான். பார்ப்பதற்கு ஈரமாக இருக்கட்டும் என்று. தண்ணீர் கொடுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். உப்பை உப்பால் கழுவினான், மேடம்.

நான் கத்தவில்லை. மறுநாள் முருகலட்சுமியைப் பார்த்து, "தண்ணி போதுதா ஆத்தா?" என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எங்க பக்கம் கொழாயில காத்துத்தான்க்கா வருது. பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கத்தான் எடுத்தோம். அந்த அண்ணன ஒண்ணும் சொல்லிராதீக."

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க," என்றேன். என் குடிதண்ணீர்க் கேனையும் தூக்கிக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வண்டியின் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே இடது பக்க கியர் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. பல்சக்கரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஈரம். அடியில் உள்ள பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அதன் நுனியில் காந்தம் இருக்கும், உள்ளே தேய்கிற இரும்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இரும்புத் தூள் மயிர் முளைத்து நின்றது. ஆயில் வெளியே வராமல் அடைக்கிற சீல் போய்விட்டது, உப்பு உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பெட்டி போனால் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். அவர் ஒவ்வொரு நட்டாகப் பூட்டிய வண்டி.

அவனை வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். நிறுத்தினால் வேறொருவர் வண்டிக்குப் போவான். அந்த வண்டியையும் இப்படித்தான் செய்வான், அங்கேயும் எல்லோரையும் சிரிக்கவைப்பான், அதனால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு இடத்தில் துரு பிடித்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மேலே பெயின்ட் அடித்து அடுத்தவர் தலையில் கட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

அப்போது பேட்டரி பலவீனமாக இருந்தது. அணைத்தால் திரும்ப எடுக்காது என்று, சாப்பாட்டு நேரத்திலும் எஞ்சினை ஓடவே விட்டிருந்தோம். இருளாண்டி சாப்பிட்டுவிட்டு வண்டி நிழலில் படுத்துவிடுவான். அந்தப் பொட்டலில் வேறு நிழல் ஏது? எஞ்சின் சத்தம் அவனுக்குத் தாலாட்டு. எஞ்சின் நின்றால்தான் முழிப்பான். எல்லா டிரைவர்களும் அப்படித்தான்.

அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். நான் வண்டியை எடுக்கப் போனேன். இங்கேதான் நீங்கள் எழுதியதில் தப்பு இருக்கிறது. 'வாகனத்தைச் சுற்றிப் பார்க்காமல் கவனக்குறைவாக இயக்கியதால்' என்று நேற்று அந்த ஏட்டு வாசித்துக் காட்டினார். நல்ல மனிதர், எனக்கு உதவுவதாக நினைத்து எழுதியிருக்கிறார். அந்த எழுத்தோடு நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். என்னால் அதற்குக் கையெழுத்துப் போட முடியாது. இந்த வண்டியை நான் ஒருநாளும் சுற்றிப் பார்க்காமல் எடுத்ததில்லை.

முன்னால் பிளேடிலிருந்து ஆரம்பித்தேன். போல்ட் எல்லாம் இருந்தன. வலது செயினைப் பார்த்தேன், தொய்வு சரியாக இருந்தது. பின்னால் வந்தேன், கொக்கியின் முள்ளைத் தொட்டுப் பார்த்தேன். இடது செயினுக்குப் பின்னால், அதை ஒட்டியே இருளாண்டி படுத்திருந்தான். துண்டால் முகத்தை மூடியிருந்தான். மூச்சுக்குத் துண்டு ஏறி இறங்கியது. அவனைத் தாண்டிப் போய் கியர் பெட்டியைப் பார்த்தேன். ஒழுகிக்கொண்டிருந்தது.

ஏறி உட்கார்ந்தேன். பின்னால் எடுத்தால் கூவுகிற அலாரத்தின் வயரைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் கழற்றினேன். ஏறவில்லை. ஆனால் திரும்ப மாட்டவில்லை. எடுப்பதற்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது அவர் சொல்லித்தந்த சட்டம். அதை அன்றைக்கு அடிக்கவில்லை. பிளேடைத் தூக்கினேன், பிரேக்கை விட்டேன், ரிவர்ஸ் போட்டேன். கல்லின் மேல் ஏறினால் சீட்டில் ஒரு குலுக்கல் வரும். அந்த அளவுகூட இல்லை. திரும்ப முன்னால் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினேன். அப்புறம்தான் ஓடிவந்தார்கள்.

பார்த்துத்தான் எடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவன் இருக்கிறான் என்று தெரிந்துதான் எடுத்தேன். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

அவன் மனைவி சோலையம்மாள் வந்து விழுந்தபோது அவளைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. பாவம், அவளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

வண்டியைச் சோதிக்க நீங்கள் கூட்டி வந்த மெக்கானிக் இடது பெட்டியைத் திறந்ததும் ஒரு நைலான் நரம்புச் சுருளை எடுத்துக் காட்டினார். மீன் வலை நரம்பு. அது அச்சில் சுற்றிச் சுற்றி உள்ளே போய் சீலை அறுத்துவிட்டதாம், உப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு எதைக் கொண்டு கட்டுவீர்கள் என்று என்னைக் கேட்டார். பழைய வலையைக் கொண்டுதான் கட்டுவேன், எங்கள் வீட்டில் அதுதானே கிடக்கும். தினமும் என் கையால்தான் கட்டுவேன், வேறு யாரையும் தொடவிட மாட்டேன். நுனி கிழிந்து செயினுக்குள் போயிருக்கும் என்கிறார். அவர் படித்தவர், மரியாதைக்காகத் தலையாட்டினேன். அந்த நரம்பை எடுத்து உள்ளே சுற்றிவைத்தது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் செபத்துக்குப் போகிற நேரமெல்லாம் வண்டி யாரிடம் இருந்தது? தலைமுடியையே திரும்ப ஒட்டத் தெரிந்தவன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு உதவி, மேடம். சாட்சியம், யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வண்டியை அந்த உப்பளத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறீர்கள். அன்றிலிருந்து இடது செயினை ஒருவரும் கழுவவில்லை. ரத்தத்திலும் உப்பு இருக்கிறது. யாரையாவது அனுப்பி, ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.