வாறன்

ஆரணி அக்கா, அந்தக் கிழவர் நன்றாகத்தான் பாடினார். எண்பது வயதென்றால் நம்பமாட்டாய். எனக்குக் குளிரில் விரல் விறைத்துப்போயிருக்கிறது, அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

டிக்கெட் எடுத்தவர் சோதிலிங்கம் மாமாதான். அமெரிக்கக் கன்ட்ரி பாட்டென்றால் அவருக்கு உயிர். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்துப் பைத்தியம். பாரிசவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்தபிறகும் அது விடவில்லை. என்னை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டவர் அவர். மோர்டென்ஸ்ருட்டில் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். சக்கர நாற்காலி தள்ளுவது என் வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாடகருக்கு வயதாகிவிட்டதால் நிகழ்ச்சியைப் பிற்பகலிலேயே வைத்திருந்தார்கள். மண்டபம் முழுக்கத் தொப்பிகள்.

"கீர்த்தி, பாத்தியே, எல்லாரும் மாட்டுக்காரத் தொப்பி. ஒருத்தனிட்டையும் ஒரு மாடு இல்லை" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கிழவர் ஒரு பாட்டுப் பாடினார். ரயில் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருந்து செத்துப்போகும் தாயைப் பற்றியது. "இதை வீடியோ எடு, தம்பி" என்று மாமா தன் போனை என்னிடம் தந்தார். எடுத்தேன். அவர் அழுதார். நல்ல கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார்.

"போன முறை உவர் வந்தபோதும் இதைப் பாடினவர். கொம்மா ஆஸ்பத்திரியிலை கிடந்த நேரம்."

"உங்களுக்கு லீவு தரேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள், மாமா?"

"லீவு தந்தவங்கள். உவற்றை பாட்டுக்கு டிக்கெட் எடுத்திட்டனெல்லே. விட மனம் வரேல்லை."

அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. மாமா தாளம் போட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. அம்மா சாகும்வரை வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது மட்டும் ஞாபகம் வந்தது. யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் "தம்பியோ?" என்று கேட்டார். "வாறன் அக்கா" என்று மாமா போனில் சொன்னபோது போனை அம்மாவின் காதில் பிடித்திருந்தவள் நீதானே. பாட்டில் வந்த தாய்க்கு அழுதவர், எங்கள் அம்மாவுக்கு அழுததை நான் பார்த்ததில்லை.

சக்கர நாற்காலிக்கு வெளிவாசல் மண்டபத்தின் பின்பக்கம். கூட்டம் முன்பக்கத்தால் போனது. பின்பக்கம் பனி கொட்டிக்கொண்டிருந்தது, குளிர்காலம் என்பதால் நேரத்தோடே இருட்டிவிட்டது. நாற்காலி வழுக்காமல் பிரேக் போட்டேன். அவர் மடியில் இருந்த போர்வை நனைந்துவிடும் என்று மடித்து என் பையில் வைத்தேன். போனும் என்னிடமே இருந்தது.

"மாமா, நான் வாறன்" என்றேன்.

"ஓம் மருமோன். கெதியா வா."

உனக்குத் தெரியும், எங்கள் ஆட்கள் 'போறன்' என்று சொல்வதில்லை. போகிறவனும் வாறன் என்றுதான் சொல்லவேண்டும். நான் முறையாகத்தான் விடைபெற்றேன். தெருவாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் நல்ல கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். வீட்டுக்குப் போகும் டி-பானே ரயிலில் சூடு நன்றாக இருந்தது.

பொலிஸில் மொழிபெயர்க்க வந்தது தீப்தி என்றொரு சென்னைப் பெண். "வரேன்னா, திரும்பி வரேன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லித்தானே கிளம்புவார்கள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன். அவள் அதை நொஷ்க் மொழியில் பொலிஸுக்குச் சொன்னாள். டாக்சி பார்க்கப் போய்க் கூட்டத்தில் வழி தவறிவிட்டேன், தேடியும் அவரைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். உங்களுக்கும் அதைத்தான் சொன்னேன். அழுது முடித்திருப்பீர்கள், இனி உண்மையைச் சொல்லலாம்.

நாய் கூட்டிப்போன ஒரு நோர்வேஜியப் பெண் அவரிடம் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம், மருமகன் வருகிறான் என்றாராம். பொலிஸ்காரர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். காலையில் பனி தள்ள வந்தவர்கள்தான் உடலைக் கண்டார்களாம். கண் தெருவாசல் பக்கம் பார்த்தபடியே இருந்ததாம்.

நான் பொய் சொல்லவில்லை, அக்கா. வாறன் என்றுதான் சொன்னேன். எப்போது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லையே.