அவள் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட வெர்ஷன்

பழைய கம்ப்யூட்டருக்குப் புது வெர்ஷன் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லாத நாளே கிடையாது. இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறேன். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வந்ததோ அதோடு விட்டுவிட்டால், பெட்டி அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். என் பேச்சைக் கேட்காமல் புதுசு போட்டுக்கொண்டு, மறுவாரமே கடைக்கு வந்து தலையைச் சொறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் படுக்கையறைக் கம்ப்யூட்டரிலும் பழைய வெர்ஷன்தான் இருந்தது, ஐயா. பக்கவாதத்தில் என் மனைவிக்குப் பேச்சு போய், வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சிய பிறகு நானே அமைத்துக் கொடுத்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது பொத்தானை அமுக்க வேண்டும். சேர்த்ததைப் பெட்டி வாசித்துக் காட்டும். பொத்தான் பிரிண்டர் சொருகும் இடத்தில் சொருகியிருந்தது. புது வெர்ஷனில் எந்தப் புரோகிராமும் அந்த இடத்தை நேரடியாகத் தொட முடியாது; பொத்தானை அமுக்கினாலும் பெட்டிக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் தொழிலுக்கே கேவலம்.

மூன்று வருடம் நான் ஒருத்தன்தான் பார்த்துக்கொண்டேன். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அவளும் முதலில் 'தலையணை', 'ஜன்னல்' என்று அளவாகத்தான் கேட்டாள். போகப் போக, நான் கடைக்குக் கிளம்புவதற்குள் 'தண்ணி', 'தண்ணி' என்று பத்துத் தடவை. மனிதக் குரலாக இருந்தால் கொஞ்சம் கெஞ்சலாவது இருக்கும். இது ஒரே மாதிரி நச்சரிக்கும். பொத்தானை விரலுக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துவிட்டுப் போவேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவளுடைய தம்பி ஊரிலிருந்து வருகிறேன் என்று போன் செய்ததிலிருந்து, மாலையில் நான் சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவனுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். பதினோரு நாளில் நான்கு வரி. திரையில் இருந்ததால் படித்தேன்.

"என்னக் கூட்டிட்டுப் போ. முதுகெல்லாம் புண்ணு. உன் அத்தான் காலையில பூட்டினா ராத்திரிதான் தொறக்கிறார். தண்ணி கெடையாது."

ராத்திரி இல்லை, ஏழு மணி. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு விஷயத்தை இப்படிக் கூட்டிச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வலிக்காது?

அவன் வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து யோசித்தேன். பழைய வெர்ஷன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அப்படியே நின்றுவிடும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா பேசுற மெஷின் என்னாச்சு அத்தான்?" என்றான் தம்பி.

"ரொம்பப் பழசுப்பா. புது வெர்ஷன் போட்டாத்தான் ஓடுது. அதுல இவ புரோகிராம் வரமாட்டேங்குது."

அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. விரல் பொத்தானை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தது.

"ஏங்க்கா அழற?"

"எல்லாம் உன்னப் பாத்த சந்தோஷம்தான்," என்றேன்.

"நீங்க இல்லன்னா அக்கா கதி என்ன அத்தான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுதான். மறுநாள் கிளம்பிவிட்டான்.

பழைய வெர்ஷன் சிடி மேசை இழுப்பறையிலேயே இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. ஒரு கீறல்கூட விழாமல் வைத்திருக்கிறேன். திரும்பப் போட ஒரு மணி நேரம் போதும். போடவில்லை. விரல் ஒரு வாரம் அமுக்கிப் பார்த்தது, பிறகு அதுவே விட்டுவிட்டது. பொத்தான் வீணாகத் தேய வேண்டாமென்று கழற்றி வைத்தேன்.

புண் புரையோடியிருந்தது, உடம்பில் நீரே இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. புது வெர்ஷன் போட்டபிறகு நான்கு மாதம் உயிரோடு இருந்தாள். அந்த நான்கு மாதமும் என்னைப் பற்றி அவள் ஒரு குறை சொன்னதில்லை.