மருமகனின் இரண்டாவது கிளினிக்

ஸ்டுட்கார்ட்டில் காலை ரயில். எதிர் இருக்கையிலிருந்து வந்த ஒரு பேச்சு என்னைக் கைபேசியிலிருந்து நிமிர வைத்தது.

"நான் ஒருத்தற்றை வாயையும் திறந்து பாத்ததில்லை அன்ரி. ஆனால் ஒன்பது பல் டொக்டர்மார் என்னைக் கேக்காமல் ஒரு கதிரையும் வாங்கமாட்டினம்."

சொன்னவருக்கு நாற்பது வயதிருக்கும். பல் மருத்துவர்களுக்கு வரவுசெலவு ஆலோசனை சொல்லும் நிறுவனம் நடத்துகிறார் என்பது பேச்சில் விளங்கியது. பக்கத்தில் இருந்த அன்ரிக்கு அறுபது தாண்டியிருந்தது.

"அப்ப என்ரை மருமோன் ரெண்டாவது கிளினிக் திறக்கிறதை ஏன் பிள்ளை மறிக்கிறாய்?"

"கோயிலிலையும் கேட்டியள், சாமத்தியவீட்டு விருந்திலையும் கேட்டியள். உங்கடை மருமோன்ரை கணக்கை டெர்மின் எடுத்து, நேரம் குறிச்சு வராமல் கதைக்க ஏலாது."

"எங்கடை ஆள் எண்டும் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். அதாலைதான் அவருக்கு முகத்துக்கு நேரை வேண்டாமெண்டு சொன்னனான்."

"அவர் வேறை ஆளைப் பிடிப்பார்."

"பிடிக்கட்டும். ஓமெண்டு தலையாட்ட ஆள் தேவையெண்டால் நான் எதுக்கு?"

அன்ரி விடவில்லை. "வங்கிக் கடனுக்கு என்ரை மகளும் சேர்ந்து கையெழுத்து வைக்கிறாள். அவளே பயப்பிடேல்லை."

"அந்தக் கடுதாசியை அவ வாசிச்சுப் பாத்தவவோ?"

அன்ரி கைபேசியில் நாள்காட்டியைத் திறந்தார்.

"திங்கக்கிழமை உன்னட்டை டெர்மின் இருக்கோ?"

"மருமோனுக்கெண்டால் பதில் அதுதான் அன்ரி. மாறாது."

"அவருக்கில்லை. மகளுக்கு. அவருக்குச் சொல்லிப்போடாதை."