வில்வநாதன் வீட்டுக்கு வந்த மூன்று விசிறி

மணமக்களே, 'இந்த ஆள் எப்போது முடிப்பான், பந்தி எப்போது போடுவார்கள்' என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே... மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்கிற உரிமையில் ஒரு குட்டிக் கதையை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறேன். பாயசம் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். சம்பந்தி வீட்டார் மேல் ஆணை!

நம் தூத்துக்குடியில் வில்வநாதன் என்று ஒருவன். கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்குள் நடந்து போகிற மாதிரி கம்ப்யூட்டரில் படம் செய்து காட்டுவது அவன் தொழில். அவனுக்கு ஓர் உயிர் நண்பன், ஜெரோம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பரோட்டாக் கடை. ஒன்றே ஒன்றில்தான் பகை. எதில்? கிராபிக்ஸ் கார்டில்! கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் வரைந்து தருகிறதே, அந்த அட்டை. அதைச் செய்கிற கம்பெனி இரண்டு. வில்வநாதன் பச்சைக் கட்சி, ஜெரோம் சிவப்புக் கட்சி. நாட்டுக்குத் தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இவர்களுக்கு வாட்ஸப் குரூப்பில் தினமும் தேர்தல்!

வில்வநாதன் பைக்கை விற்றான். புதிதாக வந்த பச்சைக் கட்சிக் கார்டை வாங்கினான். ஐயா... அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? தரிசித்தேன்! மூன்று விசிறி. குலை தள்ளிய வாழைக்குக் கொடுப்பது போல முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறான். விசிறி சுற்றினால் அடுத்த தெருவில் காயப்போட்ட வேட்டி பறக்கிறது! உள்ளே ஒரு தபால்தலை அளவுக்குச் சில்லு. அதில் எத்தனை சுவிட்சு? உலகத்தில் இன்றைக்கு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம்! எதிலிருந்து செய்தார்கள்? மணலிலிருந்து ஐயா, மணலிலிருந்து! நாம் செருப்பிலிருந்து தட்டிவிட்டு வருகிறோமே, அதன் பங்காளியிடமிருந்து! மனிதன் எப்பேர்ப்பட்டவன்... நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர் கூச்செறிகிறது. இருக்கிற மயிர்!

மாட்டினான். ஓட்டினான். படம் நகரவில்லை.

ஒரு வாரமாக என்னென்னவோ செய்து பார்த்தான். நிலைக்குத் திரும்புகிற தேர் மாதிரி, ஓர் அடி அசைந்தால் ஒரு பெருமூச்சு. எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு, புதிதாகக் கட்டப்போகிற கடல் அருங்காட்சியகத்தின் கமிட்டி இவன் செய்த படத்தைப் பார்க்க வருகிறது. ஓடினால் வேலை இவனுக்கு. நின்றால் வெளியூர்க்காரனுக்கு. மானத்தை விட்டு ஜெரோமைக் கூப்பிட்டான். தோளில் ஒரு பையோடு வந்தான் ஜெரோம். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"நான் அப்பமே சொன்னம்லா! பச்சை வேண்டாம்ல, வேண்டாம்லன்னு!"

"கார்டைப் பத்திப் பேசாதல. ராம் மெமரி பத்தல, அதான்."

"வாங்கேன் பாப்போம்! ஏ.ஐ.க்காரன் உலகத்துல உள்ள ராமை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டான். இப்பம் ராம் வாங்கணும்னா வீட்டுப் பத்திரத்தோட போகணும்."

"அப்பம் பிராசசர் சூடாவுது."

"சூடாவல. ஒன் கட்சிதான் சூடாவுது! பைக்க வித்து மூணு ஃபேன் வாங்கிருக்க. அதுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கியிருக்கலாம்லா?"

வில்வநாதன் எழுந்தான். முகம் கறுத்துவிட்டது. "இனி என் வீட்டுப் படி ஏறாத ஜெரோம்."

ஜெரோம் பையைத் திறந்தான்.

"ஏறல. ஆனா நாலு மணிக்கு ஒன் வேலை போயிரக் கூடாது. என் மெஷின்ல இருந்த சிவப்பக் கழத்திக் கொண்டாந்திருக்கேன். மாட்டுவோம். குரூப்ல சொல்ல மாட்டேன்ல."

கேட்டீர்களா? சண்டை போட வந்தவன் பையில் என்ன கொண்டுவந்திருக்கிறான், பார்த்தீர்களா?

வில்வநாதன் மெஷினை அணைத்து, பச்சைக் கார்டைக் கழற்றி, காது குத்தப் போகிற பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டான். ஜெரோம் குனிந்து உள்ளே தூசி துடைத்தான். அவன் முழங்கை பவர் பட்டனில் இடித்துவிட்டது. மெஷின் விழித்துக்கொண்டது.

திரையில்... படம் வந்துவிட்டது!

பச்சைக் கார்டு மடியில். சிவப்புக் கார்டு பையில். படம் திரையில்! இருவரும் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள்.

"ஏல... யாருல வரையுறது?"

ஜெரோம் மெதுவாக மேசைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். ஒரு வாரமாக மானிட்டர் வயர் கார்டில் இல்லை! அதற்கு மேலே, தாய்ப்பலகையான மதர்போர்டின் துளையில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குள், கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க என்று ஒரு குட்டி கிராபிக்ஸ் உண்டு. விசிறி கிடையாது, விளக்கு கிடையாது, அதற்காகச் சண்டை போடக் கட்சியும் கிடையாது. அந்தப் பொடியன்தான் ஒரு கடலையே ஒரு வாரமாகத் தனியாக இழுத்திருக்கிறான்! வில்வநாதன் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பச்சைக் கார்டைத் தன் கையாலேயே திரும்ப மாட்டினான் ஜெரோம். வயரை அதில் சொருகினான். ஐயா... கடல் வந்தது! கமிட்டித் தலைவர் திமிங்கலத்துக்கு வழிவிட நாற்காலியோடு நகர்ந்தார். வேலை வில்வநாதனுக்கே! ஜெரோம் மட்டும் காதோடு சொன்னான்: "பச்சையும்... சுமாராத்தாம்ல இருக்கு."

இப்போது இந்தப் பக்கம் திரும்புங்கள், மணமக்களே. போட்டோக்காரர் காத்திருப்பார். அந்தக் கார்டு என்ன பாவம் செய்தது? வைத்த இடத்தில் இருந்தது... விசிறியைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தது... யாராவது அதனிடம் ஒரு படம் கேட்டார்களா? கேட்கவில்லை. திட்டு மட்டும் அதற்கு!

உங்கள் வீட்டிலும் ஒருநாள் படம் நகராது. என் வீட்டில் எத்தனையோ முறை நின்றிருக்கிறது, உங்கள் அத்தையைக் கேளுங்கள். அன்றைக்கு 'எனக்கு வாய்த்தது சரியில்லை' என்று சொல்வதற்கு முன்னால், பின்பக்கம் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை, உன் கவலை எங்கே சொருகியிருக்கிறது? ஆபீஸ் நண்பனிடமா, போனிலா? பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாயா? அம்மாடி பெண்ணே, நீயும்தான்... இவனிடம் கேட்டாயா?

மாப்பிள்ளை, அந்தப் பொடியனைப் போல இத்தனை வருடம் உன் பாரத்தை எல்லாம் தனியாக இழுத்தவள், முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், உன் அக்கா. அவளுக்கு ஒரு கும்பிடு போடு. போட்டாயா? இனி வயரை எடுத்து இந்தப் பக்கம் சொருகு. வீட்டுக்குள் கடலே வரும்!

என்ன, பந்திக்குக் கூப்பிடுகிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்... மாப்பிள்ளை மணமகள் காதில் என்னவோ கேட்கிறான். கேட்கட்டும்.